ஒரு ஸ்டூலில் இரண்டு பேர்

கோடை விடுமுறை விட்டதும் ஊரிலிருக்கும் மூன்று அரசு மேல்நிலைப் பள்ளிகளும் பெஞ்சுக்காரர் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிடும், கால் ஒடிந்து, முதுகுப் பலகை பெயர்ந்து. மேட்டுப் பள்ளியின் சாமான்கள் வாசலோரம் இறங்கும். ஸ்டேஷன் பள்ளியின் சாமான்கள் சுவரோரம். ஆற்றங்கரைப் பள்ளியின் சாமான்கள் கடைசியில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தகரக் கூரை ஒழுகும் இடத்தில். வேலையும் அதே வரிசையில்தான் நடக்கும்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெல்டிங்கும் அறுப்பதும் அவர் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பட்டி பூசுவது, பெயின்ட் அடிப்பது மனைவியின் வேலை. துருப்பிடித்த இரும்புக் கால்களை ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்துக் கழுவுவது மகளின் வேலை.

மகள் பத்தாவதோடு நிற்கும் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளக் கொக்கியால் கால்களை உள்ளே இறக்குவாள். முதலில் துரு மஞ்சளாகக் கரையும். அடியில் இரும்பு தெரிய ஆரம்பித்ததும் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். அது என்ன காற்று என்று பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கேட்டிருந்தாள். ஆசிரியர் பக்க எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அதன் பெயர் இருந்தது. அதைப் பிடித்து வைத்துத் தீக்காட்டினால் சத்தம் வரும் என்றும் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதற்காகவே அறிவியல் பிரிவு எடுப்பதாகச் சொன்னாள். எங்கே எடுப்பது என்பதுதான் வீட்டில் கேள்வி.

பெஞ்சுக்காரருக்கு அதில் கேள்வியே இல்லை.

"வாத்தியாரக் கேட்டா பொய் சொல்வான். பையனக் கேட்டா பயந்து சொல்வான். பெஞ்சு பொய் சொல்லுமா?" என்பார். கிரைண்டரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேட்க ஆள் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார். "மேட்டுப் பள்ளி பெஞ்சப் பாரு. ஒரு கீறல் உண்டா? புள்ளைங்க உக்காந்தா உக்காந்த இடம், நின்னா நின்ன இடம். ஸ்டேஷன் பள்ளி? நட்டு போல்ட்டெல்லாம் கழட்டி கோலி ஆடிட்டானுங்க. அதுகூடப் பரவால்ல, மூளை இருக்குன்னு வெச்சுக்கலாம். ஆத்தங்கரை இருக்கே..."

அப்படி நிறுத்தித் தலையை ஆட்டுவார். ஆற்றங்கரைப் பள்ளிக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண் அதுதான்.

அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூட ஸ்டூல்கள் எட்டு வந்திருந்தன. சதுரமான இரும்புத் தட்டு, நாலு கால், முன்பக்கம் பாதம் வைக்க ஒரு கம்பி. எட்டிலும் தட்டும் காலும் சேரும் ஒட்டு விட்டுப்போயிருந்தது. தட்டின் மேல் ஆசிட் பட்ட வெள்ளைத் தழும்புகள், மெழுகு, யாரோ ஒட்டிய சூயிங்கம்.

"ஆட்டம்" என்றார் அவர். "ஸ்டூல்ல உக்காந்து ஊஞ்சல் ஆடியிருக்குங்க. வருஷா வருஷம் இதே கத."

மனைவி குனிந்து பார்த்தாள். "ஊஞ்சல் ஆடினா முன்னயும் பின்னயுந்தானே விடணும்? இது ரெண்டு பக்கவாட்டுலயும் விட்டிருக்கு."

"குரங்கு இந்தப் பக்கந்தான் ஆடணும்னு சட்டமா இருக்கு?"

மனைவி மறுபடி உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் தேய்த்துக்கொண்டிருந்தது மேட்டுப் பள்ளியின் ஸ்டூல்களை. ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகி, கால்களின் அடி மட்டும் துருப்பிடித்திருந்தது. மேல்தட்டில் ஒரு கோடு கிடையாது. இரண்டு ஸ்டூல்களில் கம்பியைச் சுற்றிக் கம்பெனி பிளாஸ்டிக் தாள் இன்னும் இருந்தது.

"ஏங்க, இதுல யாருமே உக்காந்த மாதிரி தெரியலையே."

"அவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்க. அதுக்குப் பேருதான் பள்ளிக்கூடம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். பெஞ்சுக்காரரின் தங்கை. வங்கியில் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவளுடையது. காற்று இல்லாத நாள். கூரையின் சூடு இருட்டிய பிறகும் இறங்கவில்லை. அண்ணி கொடுத்த டீயை ஊதிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணே, மேட்டுப் பள்ளியில இடம் கெடச்சாச்சு. சயின்ஸ் குரூப். ஹெட்மாஸ்டரே போன் பண்ணிச் சொன்னாரு. வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள போயிக் கையெழுத்துப் போட்டுடணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். வாசல்ல க்யூ நிக்குதாம்."

"பாத்தியா?" என்று பெஞ்சுக்காரர் மனைவியைப் பார்த்தார், தானே போன் செய்து வாங்கியதுபோல.

"அங்க போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு பாஸ்" என்றாள் அத்தை. "ஸ்டேஷன் பள்ளியில எம்பத்தஞ்சு. அங்க சயின்சும் கெடையாது, காமர்ஸ்தான். ஆத்தங்கரையில எழுவத்தி ரெண்டு. எழுவத்தி ரெண்டுன்னா என்ன? நாலு பேரு உள்ள போனா ஒரு ஆளு வெளியவே வரல."

"அத்தை, அங்க லேப் எப்படி?" என்றாள் மகள்.

"எங்க?"

"மேட்டுப் பள்ளியில."

"டைல்ஸ் போட்டிருக்காங்கடி. வெள்ளை டைல்ஸ். நம்ம வீட்டு சமையல்கட்டுல கூட அப்படி இல்ல."

"இல்ல அத்தை. செய்ய விடுவாங்களா?"

அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னத்தச் செய்ய? நீ பாஸ் பண்றதுக்குப் போறியா, பாத்திரம் தேய்க்கப் போறியா?"

"ஆத்தங்கரையில வாரா வாரம் செய்யறாங்களாம். என் கிளாஸ் பொண்ணோட அக்கா சொன்னா."

"சொல்வா, சொல்வா. எழுவத்தி ரெண்டுல வராத ஆளு அவளாத்தான் இருப்பா."

பெஞ்சுக்காரர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாள். அங்கே எட்டு ஸ்டூல்களும் தலைகீழாக அடுக்கி இருந்தன.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று அம்மா அவளிடம் பின்னால் போய்ச் சொன்னாள். "அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தா மலையக்கூட நகத்திடுவாங்க. நீ வாயத் தொறந்து பேசினாத்தான் உண்டு."

"நான் பேசினேனே."

"கேள்வி கேட்ட. பேசல."

வியாழக்கிழமைக்குள் எல்லாச் சாமான்களையும் கொடுத்துவிட வேண்டும் என்று பெஞ்சுக்காரர் இரவுபகலாக உழைத்தார் என்று சொல்ல முடியாது. மேட்டுப் பள்ளிச் சாமான்கள் எப்போதோ முடிந்து, பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. ஸ்டேஷன் பள்ளிக்குப் புது நட்டு போட்டு, கழற்ற முடியாதபடி போல்ட் முனையை நசுக்கிவிட்டார். "இப்ப ஆடு கோலி" என்றார். ஆற்றங்கரை ஸ்டூல்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் நேரம் வந்தது. பழைய ஒட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி ஒட்டினார். மனைவி கறுப்புப் பெயின்ட் அடித்தாள். புதன்கிழமை மேகம் மூடியது. பெயின்ட் காய மறுத்தது. மகள் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் சரக்கு வண்டியில் கிளம்பினார்கள். பெஞ்சுக்காரர் ஓட்டினார், பக்கத்தில் மனைவி. மகள் பின்னால், கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளோடு. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. முதலில் சாமான்களை இறக்குவது, வேலை முடிந்ததும் திரும்பி வந்து மேட்டுப் பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது என்று திட்டம். அத்தை காலையிலேயே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள்.

மேட்டுப் பள்ளியின் வாசலில் சரளைக்கல் பரப்பி இருந்தது. வகுப்பறைகளிலிருந்து ஒரே குரலில் பாடம் கேட்டது. யாரோ வாய்ப்பாடு மாதிரி எதையோ சொல்ல, மொத்த வகுப்பும் திருப்பிச் சொன்னது. பெஞ்சுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே, "எப்படி?" என்பதுபோல மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

உதவியாளர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். மூன்று பூட்டு. உள்ளே அத்தை சொன்னபடி வெள்ளை டைல்ஸ். கண்ணாடி அலமாரியில் சீசாக்கள் உயர வரிசையில் நின்றன. மேசைகள் மேல் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் ஒரு கை தூசி. ஸ்டூல்களை மேசைக்கு அடியில் தள்ளும்போது மகள் ஒரு சீசாவின் அருகே போய் நின்றாள். மூடியைச் சுற்றிய சீல் அப்படியே இருந்தது.

"தொடாத பாப்பா" என்றார் உதவியாளர்.

"தொடலீங்க. இங்க கிளாஸ் எப்ப நடக்கும்?"

"பரிட்சைக்கு வெளியில இருந்து வாத்தியாரு வருவாங்கல்ல? அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தொறந்து தொடைப்போம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்." அவர் பெருமையாகத்தான் சொன்னார். "நான் வந்ததுலேருந்து ஒரு குழாய்கூட உடையல. எல்லாம் நோட்டுல எழுதிப் போட்டுருவாரு சாரு. புள்ளைங்க மனப்பாடம் பண்ணி டக்கு டக்குனு எழுதிரும்."

பெஞ்சுக்காரர் கடைசி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே வரும்போது வழியில் தலைமையாசிரியர் வந்தார். மகளின் தலையைத் தொட்டு, "நம்ம பொண்ணா? சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுருங்க. கணக்கு சார் மாதிரி ஒரு ஆளு இந்த வட்டாரத்துலயே கெடையாது" என்றார். அதுவும் உண்மை. கணக்கு சாரிடம் படித்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள்.

ஸ்டேஷன் பள்ளியில் இறக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு ரயில் போனபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வெளியே ஒரு கடையில் முட்டையும் ரொட்டியும் வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"மூணு பூட்டு" என்றாள் மகள்.

"திருடு போகாம இருக்க" என்றார் அப்பா.

"அந்த ஸ்டூல்ல பிளாஸ்டிக்குப்பா. அம்மா அன்னைக்கே சொன்னாங்க."

"சாப்புடு மொதல்ல."

ஆற்றங்கரைப் பள்ளிக்குப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். சுற்றுச்சுவரில் பாதி விழுந்திருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து சத்தம் வாசலுக்கே வந்தது. பெஞ்சுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைக் காட்டவில்லை, மூக்கைச் சுருக்கினார்.

ஸ்டூல்களை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேசைகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மொத்த அறைக்கும் நாலே ஸ்டூல் மிச்சம் இருந்தது. வேதியியல் டீச்சர் கோட்டில் பழுப்புப் பழுப்பாக ஓட்டைகள். பெஞ்சுக்காரரைப் பார்த்ததும் அவர் கும்பிடவில்லை, வரவேற்கவும் இல்லை.

"வந்துட்டீங்களா? பள்ளிக்கூடம் தொறந்த அன்னைலேருந்து நின்னுக்கிட்டே இருக்குதுங்க. எனக்கும் முட்டி போச்சு. எங்க ஸ்டூல மட்டும் கப்பல்லயா அனுப்பினீங்க?"

பெஞ்சுக்காரர் எதற்கும் பதில் வைத்திருக்கும் ஆள். "பெயின்ட் காயலீங்க" என்றார். அது நேற்றைக்கு மட்டுந்தான் காரணம் என்று அவருக்கே தெரியும்.

கீழே வைப்பதற்குள் பிள்ளைகள் ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஸ்டூலிலும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், பழகிய மாதிரி, ஒருவருக்கொருவர் முதுகை லேசாகத் திருப்பி, ஆளுக்குப் பாதி.

"ஏய், ஏய்! ஒரு ஸ்டூலுக்கு ஒரு ஆளு!" என்று கத்தினார் பெஞ்சுக்காரர்.

ஒல்லியான ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இன்னொரு ஆளு எங்க மாமா உக்கார்றது? உங்க தோள்லயா?"

அறையே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை மறைக்கப் பக்கத்திலிருந்த சீசாவைப் பார்த்தார். பெஞ்சுக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெஞ்சுக்காரர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் அந்தப் பெண்ணின் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எரியும் விளக்கை எட்டிப் பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தாள். இன்னொருத்தி விழாமலிருக்க மறுபக்கம் சாய்ந்தாள். இருவரின் எடையும் தட்டின் இரண்டு ஓரத்துக்கும் போனது. அவர் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தட்டின் அடியில் தான் போட்ட ஒட்டைப் பார்த்தார். அடுத்த ஸ்டூலுக்கு நகர்ந்து அதையும் பார்த்தார்.

"என்ன மாமா, எதாச்சும் தொலைஞ்சிடுச்சா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றார். எழுந்து மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாக, "பக்கவாட்டுலதான் விடும்" என்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்ன."

இதற்குள் டீச்சர் யாரென்று பார்க்காமல் மகளின் கையில் ஒரு சோதனைக் குழாயைக் கொடுத்திருந்தார். "சும்மா ஏன் நிக்கற? இதப் பிடி. சாய்ச்சுப் பிடி. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்." உள்ளே துத்தநாகத் துண்டு ஒன்று ஆசிட்டில் நுரைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் மூடினார். விரலை எடுத்ததும், எரியும் குச்சியை அருகே கொண்டுபோனார்.

டப்.

சின்னச் சத்தம். ஒரு பருத்திக்காய் வெடிக்கும் அளவுதான். மகளின் தோள் துள்ளியது, கை துள்ளவில்லை.

"நீ எந்த செக்ஷன்?" என்றார் டீச்சர் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்து.

"நான் ஸ்டூல் கூட வந்தேங்க."

மறுபடியும் சிரிப்பு.

"டீச்சர், இரும்பு போட்டாலும் இது வருமா?"

"ஏன் கேக்கற?"

"எங்க பட்டறையில ஆசிட்டுல கால முக்கும்போது குமிழி வரும். அது இதுதானா?"

"போட்டுப் பாரு" என்றார் டீச்சர். வேறு ஒரு குழாயைக் கழுவி நீட்டினார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைத் தடவினார். ஒரு ஸ்க்ரூ வந்தது.

"அதுல மேல துத்தநாகம் பூசியிருக்கும். வேண்டாம்" என்றார் டீச்சர்.

கால்சட்டைப் பையில் ஒரு கம்பித் துண்டு இருந்தது, காலையில் அறுத்தது. அவரே அதைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். மகள் அதைக் குழாய்க்குள் சரித்தாள். டீச்சர் ஆசிட் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

"மெதுவாத்தான் வரும். நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நின்றார்கள். போன் அடித்தது. அத்தை. பெஞ்சுக்காரர் எடுத்து, "இன்னும் இல்ல... போயிட்டே இருக்கோம்... ஆமாமா, நாலு மணிதானே" என்று சொல்லிவிட்டு வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கம்பியின் மேல் மணல் அளவுக்குக் குமிழிகள் ஒட்டியிருந்தன. ஒன்று பிரிந்து மேலே வந்தது. பிறகு இன்னொன்று.

"வருது" என்றார் பெஞ்சுக்காரர், மகளுக்கு முன்னால்.

வர நேரமெடுத்தது. டீச்சர் திரும்பி வந்து குச்சியைக் காட்டினார். சத்தம் முன்னதைவிடச் சின்னது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. தன் பெண் எதையாவது அப்படி விரும்பி அவள் பார்த்ததில்லை.

வெளியே வராந்தாவில் அம்மாதான் கேட்டாள். "டீச்சர், பொண்ணு பதினொண்ணாவது சேரணும். இங்க இடம் இருக்குங்களா?"

"இடத்துக்கு என்ன, இருக்கு. யாரு வர்றா? நாளைக்குக் காலையில வந்தா சேத்துக்கலாம்." டீச்சர் கையைக் கோட்டில் துடைத்தார். "ஆனா மறைக்க மாட்டேன். கணக்கு வாத்தியாரு மாத்தலாகிப் போயிட்டாரு. புது ஆளு எப்ப வரும்னு தெரியாது. கணக்குல போன வருஷம் நெறைய பேரு ஃபெயிலாகிட்டாங்க. மேட்டுப் பள்ளியில கெடைக்கும்னா யோசிச்சுச் செய்யுங்க."

பாலத்தின் நடுவில் பெஞ்சுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். மகள் இறங்கி முன்பக்கம் வந்து நின்றாள்.

"சொல்லு" என்றார் அப்பா.

"எனக்கு ஆத்தங்கரை."

"கணக்கு?" என்றாள் அம்மா. இப்போது தடுத்தது அவள்தான். "ஒரு டப்பு சத்தத்துக்காக ரெண்டு வருஷத்தப் பாழாக்கிக்குவியா? கணக்கு வாத்தியாரே இல்லாத எடத்துல எப்படிடி பாஸ் பண்ணுவ? அவங்களே சொல்றாங்க, யோசிச்சுச் செய்யின்னு. எழுவத்தி ரெண்டுன்னு உங்கத்தை சொன்னது சும்மா இல்ல."

மகள் ஒரு லாரி போக வழி விட்டு நின்றாள்.

"கணக்கு புத்தகத்துல இருக்கும்மா. நான் பத்தாவதுலயும் பாதி கணக்கு நானாத்தான் போட்டேன். புரியலன்னா யாரையாவது கேப்பேன். மேட்டுப் பள்ளி கணக்கு சாரு சாயங்காலம் வீட்டுல சொல்லிக் குடுக்கறாரு, எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்கறதில்ல. ஆனா ஆசிட்ட நான் எங்க போயிக் கேப்பேன்? அங்க மூணு பூட்டு போட்டிருக்கு."

"நம்ம பட்டறையிலயே இருக்கே ஆசிட்டு."

"அது காலைக் கழுவ."

அம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே பெஞ்சக் கேட்டு ஜோசியம் சொல்றவரு."

பெஞ்சுக்காரர் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "ஜோசியம் சரிதான். நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். ஒடையாத சாமானெல்லாம் நல்ல சாமான்னு நெனச்சேன்." பிறகு, "தங்கச்சி என்னக் கொன்னுடுவா" என்றார்.

"அது தெரிஞ்ச கதைதானே" என்றாள் மனைவி. "வண்டிய எடுங்க. நாலு மணிக்குள்ள போகலன்னா, வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட ஆளு இருக்காது. சும்மா விட்டுட்டுப் போனா மரியாதை இல்ல."

"அப்போ உனக்குச் சம்மதமா?"

"எனக்குப் பயம். சம்மதம் வேற, பயம் வேற. கணக்கு சாரு வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு நாளு தவறினாலும் காலை ஒடைச்சிருவேன்."

"ஒட்டறதுக்குத்தான் அப்பா இருக்காரே" என்றாள் மகள். அவள் அப்படி எதிர்ப்பேச்சு பேசுவது அபூர்வம். அம்மாவுக்கு அடிக்கக் கை எழவில்லை.

மேட்டுப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வராந்தாவில் ஒரு பெண்மணியும் அவளைவிட உயரமான பையனும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வந்தபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

"வேண்டாங்கறீங்களா? நெசமாவா?" என்றார் எழுத்தர். "வேண்டாம்னு சொல்லி இந்த மேசைக்கு யாரும் வந்ததில்ல. எழுதிக் குடுத்துட்டா திரும்ப அழுதாலும் வராது."

"தெரியுங்க" என்றார் பெஞ்சுக்காரர்.

"என்ன காரணம்? தூரமா?"

பெஞ்சுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் மேசையருகே ஒரு அடி வைத்தாள். "எனக்கு லேப்ல செஞ்சு படிக்கணுங்க."

எழுத்தர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதினாள். கையெழுத்து கோணாமல் வந்தது. எழுத்தர் எட்டிப் பார்த்து வராந்தாவுக்குக் குரல் கொடுத்தார். "அம்மா, உள்ள வாங்க. உங்களுக்கு இடம் வந்திருக்கு."

அந்தப் பெண்மணி எழுந்து வந்தாள். சந்தோஷப்படுவதற்கு முன் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெஞ்சுக்காரர் குடும்பத்தை வாசலில் மறித்தாள்.

"ஏங்க, கெடச்ச இடத்த விடறீங்களே, இந்தப் பள்ளிக்கூடத்துல எதாச்சும் கொறையா? மறைக்காம சொல்லுங்க. ஒத்தப் புள்ள எனக்கு."

பெஞ்சுக்காரரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் இதற்குமுன் ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது அந்தப் பையனைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு எது புடிக்கும்?"

"கணக்கு" என்றான் பையன், தரையைப் பார்த்து.

"அப்போ இதுதாம்மா பள்ளிக்கூடம். கண்ண மூடிக்கிட்டுச் சேருங்க. அந்தக் கணக்கு சாரு மாதிரி ஆளு கெடைக்க மாட்டாரு."

"அப்போ நீங்க ஏன்..."

"எம் பொண்ணு வேற ரகமுங்க."

சரளைக்கல் வாசலில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது, கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. மகள் ஏறி நின்றாள். இந்த நிமிடம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இல்லை. நாளைக்குக் காலைவரை அப்படித்தான்.

"பயமா இருக்கா?" என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள்.

"இருக்கு."

"இருக்கட்டும்."

பெஞ்சுக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தை. அவர் அதைச் சுடுகம்பிபோலப் பிடித்து மனைவியிடம் நீட்டினார். மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் தர்றீங்க? உங்க தங்கச்சி."

"நீ சொன்னா கொஞ்சம் கேப்பா."

"நாப்பது வருஷமா உங்க பேச்சையே கேக்காதவ, எம் பேச்சக் கேப்பாளா?"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மகள் மேலேயிருந்து குனிந்து அதை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் வண்டியின் கம்பியைப் பிடித்தாள்.

"அத்தை, நான்தான் பேசறேன்" என்றாள். "கையெழுத்துப் போட்டாச்சு. இல்ல, எதுக்குப் போட்டேன்னு சொல்றேன். நீங்க மொதல்ல ஃபேனுக்குக் கீழ போயி உக்காருங்க."